ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்கு இரங்கல் கூட்டம்

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

சலவைக்கடை அக்கா என்றுதான் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அவளுடைய மிஷின் வழக்கம்போல் துவைத்தது, அலசியது, பிழிந்தது, வேலை முடிந்ததற்கு அடையாளமாகத் தன் சின்னப் பாட்டைப் பாடிவிட்டு நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கதவை இழுத்தாள். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை.

வட்டக் கண்ணாடி வழியே லாட்ஜின் விரிப்புகள் தெரிந்தன. வெள்ளை வெளேரென்று, எப்போது வெளியே எடுக்கப்போகிறாய் என்று கேட்பதுபோல்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

பின்கட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "என்ன?"

"கைப்பிடி."

"கைப்பிடிக்கு என்ன?"

"இந்தாங்க."

அவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஸ்கேன் படத்தைப் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒரு பெருமூச்சும் விட்டார். அப்புறம் போய்க் குறடும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

"அதைக் கீழ வைங்க."

"கண்ணாடியில சின்னதா ஒரு தட்டு தட்டினா..."

"கண்ணாடி போனா மிஷின் போச்சு. மிஷின் போனா கடை போச்சு. கடை போனா யார் துணியைத் தேய்ப்பீங்க?"

"என் துணியை."

"உங்க துணியா? கல்யாணம் ஆனதுல இருந்து அதை நான்தானே தேய்ச்சுட்டு இருக்கேன்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். குறடும் கையுமாகக் கதவின் இடுக்கில் கொஞ்ச நேரம் நோண்டினார். பூட்டுக்குள் இருந்த கொக்கி அவரைப் பார்த்துச் சிரித்ததே தவிர நகரவில்லை.

போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர்.

"அக்கா, ரெடியா?"

"துவைச்சாச்சு தம்பி."

"அப்ப அனுப்பிடுங்க."

"வெளிய வரணும்."

"யாரு?"

"பெட்ஷீட்தான்."

மேனேஜருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, சாயந்தரம் ஏதோ மாநாட்டுக்கு வர்றவங்க மாடி பூரா எடுத்திருக்காங்க. மெத்தையெல்லாம் வெறும் உடம்போட கிடக்கு. எங்க முதலாளி மெயின் ரோட்டு லாண்டரிக்காரனோட கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்காரு. இன்னைக்கு ஒரு தடவை தப்பினா அந்தக் கார்டு மேல வந்துடும். நான் சொல்லலைன்னு இருக்கக்கூடாது."

மற்றவர்கள் கொண்டுவருவது சட்டையும் பேன்டும். அதில் சோப்புச் செலவு தேறும். அடுப்பு எரிவது லாட்ஜால்தான். இது அக்காவுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், மெயின் ரோட்டுக்காரனுக்கும் தெரியும்.

அக்கா கைப்பிடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதலில் தெருமுனை மெக்கானிக். முன்பெல்லாம் அவன் கடை வாசலில் பாதி பிரித்துப் போட்ட மின்விசிறியும் மிக்ஸியும் காலில் இடறும். இப்போது கடை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சுவர் முழுக்கப் போன் உறைகள்.

"திறக்க முடியாது அக்கா. அந்தக் கம்பெனிக்காரன் அவன் சாவிக்கு மட்டும் சுத்தற மாதிரி திருகாணி போட்டிருக்கான்."

"நீ திறக்காத பொருளா?"

"அது அப்போ. இப்போ உறை மட்டும்தான். உறை கெட்டே போகாது அக்கா, ஆனா போன் மாறிடும். உட்கார்ந்த இடத்துல நல்ல தொழில்."

ஆகவே அக்கா கம்பெனிக்கே போனாள்.

அதை ரிப்பேர் கடை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. வாசலிலேயே எழுதியிருந்தது: வாடிக்கையாளர் மலர்ச்சி மையம். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அக்கா அதன் முன்னால் நின்றாள். அது திறக்கவில்லை.

"கொஞ்சம் பின்னாடி போய் மறுபடி வாங்கம்மா," என்றார் காவலாளி. "கதவு புதுசு. இன்னும் ஆளுங்களைப் பழகலை."

அக்கா பின்னால் போய் மறுபடி வந்தாள். கதவு யோசித்துவிட்டுத் திறந்தது.

உள்ளே வரவேற்பில் பச்சைச் சட்டையில் ஒரு பெண். "வணக்கம். இன்னைக்கு எதை விட்டுட்டு எதுக்குப் போகப்போறீங்க?"

"நான் எதையும் விடலைம்மா. ஒரு கைப்பிடிக்கு வந்தேன்."

"எந்த மாடல்?"

"ஏழு."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். பக்கத்து மேஜைப் பையனும் எழுந்தான். அதைப் பார்த்து அதற்கடுத்த மேஜையும், கடைசியில் கூடம் முழுவதும் எழுந்து நின்றது. காவலாளி தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். மூலையில் இருந்த காபி மிஷின் மட்டும் நிலைமை புரியாமல் கரகரவென்றது. பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஏழாம் மாடல் போயிடுச்சு. உங்களுக்குத் தகவல் வரலையா?"

"எங்க போச்சு? எங்க கடையிலதான் இருக்கு."

"காலமாயிடுச்சும்மா. போன மாசம் தலைமை அலுவலகம் அறிவிச்சது. உலகம் பூராவும் இருக்கிற ஏழாம் மாடல் மொத்தமும் ஒரே நாள்ல."

"இன்னைக்குக் காலையில துணி துவைச்சுதே!"

"அப்படித்தான் தோணும்." அந்தப் பெண் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல நகர்த்தி வைத்தாள். "வீட்டுக்காரங்களுக்கு உடனே நம்ப வராது. ஓடற மாதிரியே இருக்கும்."

"மாதிரி இல்லம்மா, ஓடுது. கதவோட கைப்பிடி மட்டும் வந்துடுச்சு. இதோ பாரு. இதே மாதிரி ஒண்ணு கொடுத்தா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"காலமானதுக்கு உதிரிப்பாகம் கொடுக்கறது இல்லம்மா. அது அதுக்கு நாம காட்டற மரியாதை இல்லை. நீங்க எங்க ஆலோசகரைப் பாருங்க."

ஆலோசகரின் அறைக்கு ஏற்றுக்கொள்ளும் அறை என்று பெயர். அமுங்கிப்போகிற சோபா, மங்கலான விளக்கு, எங்கிருந்தோ தண்ணீர் விழும் சத்தம். ஆலோசகருக்குக் காது குத்திய இடம் இன்னும் ஆறியிருக்காது என்கிற வயசு. குரல் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த குரல்.

"சொல்லுங்கம்மா. உங்க மிஷின்ல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லை தம்பி. கைப்பிடி..."

"கைப்பிடி வெறும் பொருள். நான் குறையைக் கேக்கறேன். ஒரு குறையாவது சொன்னாத்தான் என்னால உங்களை அடுத்த கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியும். அது எங்க வழக்கம்."

"நல்லாத்தான் ஓடுது."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த வார்த்தையை நான் தினமும் கேக்கறேன். இதுல நாலு கட்டம் இருக்கும்மா. முதல்ல மறுப்பு. நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்வாங்க. அடுத்தது கோபம். நல்லாத்தானே ஓடுதுன்னு கத்துவாங்க. அதுக்கப்புறம் கெஞ்சல். இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓடட்டுமேன்னு."

"நாலாவது?"

"தவணை."

அக்கா கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லித் தீர்த்துவிட்டால் கைப்பிடி கிடைக்கும் என்று அவளுக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது.

"சத்தம் போடுமா?"

"போடும். போட்டாத்தானே ஓடுதுன்னு தெரியும்."

"நிறம்?"

"வெள்ளை."

"வாங்கின நாள்ல இருந்து வெள்ளையாவே இருக்கா? அது உங்களை உறுத்தலையா?"

"எனக்குத் துணி வெள்ளையா இருந்தாப் போதும் தம்பி."

"உங்ககூடப் பேசுமா?"

"பேசாது."

"ஆ!" ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேசறதுக்கு வீட்டுல ஒருத்தர் இருக்காரு. அவரையே நிறுத்த முடியலை."

ஆலோசகர் தன் கண்ணாடிப் பலகையில் எதையோ தட்டினார். 'வாடிக்கையாளர் தனிமையில் வாடுகிறார்' என்று அது பதிந்துகொண்டது. பிறகு அவர் அக்காவை அடுத்த கூடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு மேடைமேல், விளக்கு வெளிச்சத்தில், எட்டாம் மாடல் நின்றது.

"இதுல கைப்பிடியே கிடையாது."

"அப்புறம் எப்படித் திறக்கறது?"

"சொன்னாத் திறக்கும். பாருங்க." ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "திற."

மிஷினின் நெற்றியில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தயவுசெய்து திற," என்றார் ஆலோசகர்.

"என்ன பண்ணுது?"

"தன்னைத்தானே மேம்படுத்திக்கிட்டு இருக்கு. முடிஞ்சதும் திறந்துடும்."

அக்கா குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். "உள்ள ஒரு துண்டு கிடக்கே?"

"அது எனக்கு முன்னாடி இருந்த ஆலோசகரோடது."

"அவர் எங்கே?"

"அவரையும் மாத்தியாச்சு." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் அவர் வயசுக்குத் திரும்பியது. உடனே சமாளித்துக்கொண்டார். "சொல்லித் திறக்கலைன்னா போன்ல திறக்கலாம். உங்க போனைக் காட்டுங்க."

அக்கா போனை எடுத்து நீட்டினாள். ஆலோசகர் அதைப் பார்த்தார். காலைச் சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து நின்றார். அக்காவுக்கு இதற்குள் முறை தெரிந்திருந்ததால் அவளும் குனிந்து நின்றாள்.

"இதுவுமா?" என்றாள் மெதுவாக.

"இது உங்க மிஷினுக்கும் ரொம்ப முன்னாடி."

காலமான போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. லாட்ஜ் மேனேஜரின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது. "அக்கா! கிளம்பியாச்சா? முதலாளி மேஜைக் கண்ணாடியைத் தூக்கிட்டாரு அக்கா! கார்டைத் துடைச்சுட்டு இருக்காரு!"

"வந்துடறேன் தம்பி," என்று சொல்லி அக்கா அணைத்தாள். ஆலோசகர் எதுவும் காதில் விழாதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. புதுப் போன் வாங்கினா இந்த எட்டு திறக்குமா?"

"புதுப் போன் ஒன்பதோடதான் பேசும்மா. ஒன்பதாம் மாடலை இன்னைக்கு மத்தியானம் வெளியிடறோம்."

"எட்டோட பேசற போன்?"

"அதை நேத்தோட நிறுத்திட்டோம்."

"அப்போ எட்டை வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒன்பது வாங்குவாங்க," என்றார் ஆலோசகர். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அக்கா தளர்ந்துபோய் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, எனக்கு எட்டும் வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். என் மிஷினுக்குள்ள லாட்ஜ் பெட்ஷீட் இருக்கு. அது சாயந்தரத்துக்குள்ள அவங்க மெத்தையில இருக்கணும். இல்லைன்னா கடைக்கு அந்த வேலை போயிடும். நான் வேற எதுவும் கேக்கலை."

"உள்ள பொருள் இருக்கா?" ஆலோசகரின் முகம் சட்டென்று மலர்ந்தது. மலர்ச்சி மையத்தில் அக்கா பார்த்த முதல் மலர்ச்சி அதுதான். "அதை முதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா? அதுக்கு வழி இருக்கு! இரங்கல் கூட்டத்துல இறந்த மிஷினைத் திறந்து, உள்ள இருக்கிற உடைமைகளைக் குடும்பத்துக்கிட்ட ஒப்படைப்போம். ஒன்பதோட வெளியீட்டுக்கு முன்னாடி இன்னைக்கு ஏழாம் மாடலுக்குக் கூட்டம் இருக்கு. கம்பெனித் தலைவரே வர்றாரு. நாங்க வெறும் படத்தைத்தான் வைக்கறதா இருந்தோம். யாருமே மிஷினைக் கொண்டுவந்து கொடுக்கலை."

"ஏன்?"

"வீட்டுல துவைச்சுட்டு இருக்கும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க கொண்டுவந்தா முன்வரிசையில இடம் தர்றோம்."

அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மிஷினைத் தூக்கிட்டு வாங்க. அது செத்துப்போச்சாம்."

"செத்துப்போச்சா? இப்பக்கூட மேல துணி மடிச்சு வெச்சேனே. நல்லாத்தானே இருந்துச்சு!"

"இங்க வந்து அதைச் சொல்லிடாதீங்க. சோபாவுல உட்கார வெச்சுடுவாங்க."

மிஷினை ஏற்றிவந்தது அக்காவின் கொழுந்தன், தன்னுடைய லோடு வண்டியில். அவன் போன் மாற்றாத பருவம் கிடையாது. மலர்ச்சி மையத்தின் வாசலில் இறங்கும்போதே அவனுக்குக் கண் இரண்டும் விரிந்துவிட்டன.

"அண்ணி! எட்டு வாங்கிட்டீங்களா?"

"இல்லப்பா. ஏழுக்குக் கூட்டம்."

"என்ன அண்ணி நீங்க! எட்டே இப்போ பழசு. ஒன்பதுல மிஷினே சோப்பு ஆர்டர் பண்ணுமாம்."

"சோப்பு வாங்கற வேலையை உங்க அண்ணன்கிட்ட இருந்து பிடுங்கிட்டா அப்புறம் அவர் டீ குடிக்க எப்படி வெளிய போவாரு? தூக்கு."

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையின் ஒரு பக்கம் திரை போட்டு மூடிய ஒன்பது. நடுவில் ஏழாம் மாடலின் பெரிய படம், அடியில் தோன்றிய நாளும் மறைந்த நாளும். படத்துக்கு முன்னால் அக்காவின் மிஷினைக் கொண்டுபோய் வைத்தார்கள். பணியாளர்கள் காலையில் உடுத்தியிருந்த பச்சையை மாற்றி ஆரஞ்சுக்கு வந்திருந்தார்கள்.

படம் பிடிக்கிறவர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ரொம்ப இருட்டா இருக்கே. லைட் எரியாதா இதுல?"

யாரோ மின்கம்பியைச் செருகினார்கள். யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். எந்தப் பொத்தானை என்று பார்க்கவில்லை. வயிற்றில் துணி இருப்பதை உணர்ந்த மிஷின் தன் கடமையைத் தொடங்கியது.

அப்போது தலைவர் மேடையேறிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றதில் அந்தச் சத்தம் முதலில் எடுபடவில்லை. அவர் பேசத் தொடங்கியதும்தான் எடுபட்டது.

"நண்பர்களே! கனத்த இதயத்தோடு நிற்கிறேன். அசைவற்றுக் கிடக்கும் இந்த..."

மிஷின் குலுங்கிச் சுழன்றது. தலைவர் குரலை உயர்த்தினார்.

"அசைவற்றுக் கிடக்கும் இந்த ஏழாம் மாடலை உருவாக்கியபோது நாங்கள் ஒரு மாபெரும் தவறு செய்தோம். அதை இன்று மனம்திறந்து ஒப்புக்கொள்கிறேன். அது கெட்டுப்போகவே இல்லை!"

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"ஆண்டுகள் ஓடின. அதுவும் ஓடியது. மக்கள் எங்களை மறந்துவிட்டார்கள். ஒரு வாடிக்கையாளர் எங்களை நினைக்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு குறை வேண்டும். குறையில்லாத மனிதனிடம் எங்களால் எப்படிப் பேச முடியும்? இரவு பகலாக உழைத்தோம். எட்டாம் மாடலில் அந்தத் தவறைத் திருத்தினோம். ஒன்பதில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறோம். அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போதே உங்கள் உள்ளம் பத்துக்காக ஏங்கும்!"

கைதட்டல். கொழுந்தனும் தட்டினான். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பிழிஞ்சுட்டு இருக்கு," என்றார் வீட்டுக்காரர் அக்காவின் காதில். "இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும். பாதி காய்ஞ்சிடும்."

"சும்மா இருங்க."

"சிலர் கேட்கிறார்கள்," என்று தலைவர் தொடர்ந்தார், "எதற்காக இவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். மாற்றாவிட்டால் இத்தனை பேர் இங்கே என்ன செய்வோம்? துணியா துவைப்போம்? இப்போது நாம் அனைவரும் எழுந்து மௌனம் காப்போம்."

எழுந்தார்கள். அரங்கத்தில் மிஷின் மட்டும் சுழன்றது. கடைசிச் சுற்று மெல்ல மெல்ல அடங்கி, நின்று, தன் சின்னப் பாட்டைப் பாடியது. அது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துப் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஆலோசகர் ஒரு தட்டில் எதையோ ஏந்திவந்தார். பட்டுத்துணியை விலக்கியதும் அக்கா எட்டிப் பார்த்தாள். சுத்தியல்.

"இது எதுக்கு?" என்று பக்கத்தில் இருந்த ஆரஞ்சுச் சட்டையைக் கேட்டாள்.

"திறக்கறதுக்குத்தான். திறந்தபிறகு வேற யாரும் பயன்படுத்திடக்கூடாது இல்லையா? கண்ணாடியை உடைச்சு, உருளையை நசுக்கிடுவோம்."

"திறந்து கொடுப்போம்னுதானே சொன்னாங்க!"

"உடைச்சா திறக்காதா?"

அக்கா எழுந்தே விட்டாள். "ஐயோ, அடிக்காதீங்க!"

அரங்கம் உருகிவிட்டது. படம் பிடிக்கிறவர் ஓடிவந்தார். "அம்மா, அருமை! இன்னொரு தடவை. இந்தப் பக்கம் திரும்பி, கொஞ்சம் மெதுவா."

"எது மெதுவா? மிஷின் போனா என் கடை போச்சு! யாராவது சொல்லுங்க அந்த ஆளுக்கு!"

"இதுதான் இரண்டாவது கட்டம்," என்று ஆலோசகர் தலைவருக்கு விளக்கினார்.

தலைவர் சுத்தியலை உயர்த்திக் காட்டினார். அதன் தலையில் ஒரு விளக்கு எரிந்தது. "இந்தச் சுத்தியலும் புதியது! பழையது வெறும் இரும்பு. தூக்கினால் தோள் வலிக்கும். இதற்கு எடையே கிடையாது!"

"எடை இல்லாத சுத்தியலா?" என்றார் வீட்டுக்காரர். அந்த நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "உட்காரு, உட்காரு. ஒண்ணும் ஆகாது."

தலைவர் ஓங்கி அடித்தார்.

சுத்தியலின் தலை தனியே கழன்று, விளக்கு எரிந்தபடியே பறந்துபோய் மூன்றாம் வரிசையில் ஒரு விநியோகஸ்தரின் மடியில் விழுந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "புதிய சுத்தியல் வந்துவிட்டது. இப்போதே மாறுங்கள்." ஏழாம் மாடலின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதிர்ச்சியில் பூட்டுக்குள் இருந்த கொக்கி 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. கதவு, யாரும் எதுவும் சொல்லாமலே, தானாகத் திறந்தது.

அக்கா மேடையேறியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் பாதி விரிப்புகளை எடுத்து வீட்டுக்காரரின் தோளில் போட்டிருந்தாள். மீதியைக் கொழுந்தன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றான்.

"உடைமைகள் ஒப்படைக்கப்பட்டன," என்று ஆலோசகர் அவசரமாக ஒலிபெருக்கியில் சொன்னார். தலைவர் ஒன்பதின் திரையைப் பார்த்து நகர்ந்தார்.

அக்கா அவர் வழியில் நின்றாள்.

"மிஷின்?"

"அது எங்கள் நசுக்குமிடத்துக்குப் போகும் அம்மா. உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கு..."

"செத்துப்போச்சா, போகலையா? அதை மட்டும் சொல்லுங்க."

தலைவர் ஒலிபெருக்கிகளைப் பார்த்தார், படம் பிடிக்கிறவர்களைப் பார்த்தார். "காலமாகிவிட்டது. அதற்காகத்தானே இந்தக் கூட்டம்."

"அப்ப இது எங்க வீட்டுச் சாவு. எங்க வீட்டுச் சாவை நாங்கதானே எடுத்துட்டுப் போகணும்? ஆறுதல் சொல்ல வந்தவங்க உடம்பைத் தூக்கிட்டுப் போறது எந்த ஊர் நியாயம்?"

கூட்டத்தில் சலசலப்பு. "அதானே," என்று எங்கோ ஒரு குரல். எந்தப் புதுப் பொருளுக்காக வந்திருந்தாலும், சாவு வீட்டு நியாயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆலோசகர் தலைவரின் காதில் எதையோ சொன்னார். தலைவர் தலையசைத்து, ஒரு யோசனையோடு திரும்பினார். "ஒரு திருத்தம். மிஷின் முழுமையாகக் காலமாகவில்லை என்று வைத்துக்கொண்டால், விதிப்படி அது..."

"வைச்சுக்கலாம்," என்றாள் அக்கா. பையிலிருந்து கைப்பிடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உயிரோட இருக்கு இல்ல? அப்ப இதே மாதிரி ஒண்ணு கொடுங்க."

அரங்கம் காத்திருந்தது. தலைவர் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார். ஒரு கைப்பிடி கொடுத்தால் நாளைக் காலையில் வாசலில் எத்தனை கைப்பிடிகள் வந்து நிற்கும் என்று அவர் மனம் ஓடுவது முகத்தில் தெரிந்தது. வீடு வீடாக ஓடிக்கொண்டிருக்கிற ஏழாம் மாடல்கள் அத்தனையும் ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலமாகிவிட்டது," என்றார். "குடும்பத்தார் எடுத்துச் செல்லலாம்."

ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் ஓசைப்படாமல் நடந்து மிஷினைத் தூக்கிவந்தார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு திறக்க மறுத்ததால் அதைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றினார். லோடு வண்டியில் மிஷின் ஏறியது. அதன்மேல் வீட்டுக்காரர் ஒரு கொடிக்கயிற்றைச் சுற்றிக் கட்டினார். கட்டியபின், கயிற்றின் மிச்சத்தைக் கதவின் கொக்கியில் கோத்து ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். திறந்தது. மூடினார். மறுபடி இழுத்தார். திறந்தது.

"சொல்லாமலே திறக்குதே அண்ணா," என்றான் கொழுந்தன்.

"வண்டியை எடுடா."

வண்டி தெருவில் திரும்பும்போது போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க? முதலாளி நம்பரைப் போட ஆரம்பிச்சுட்டாரு!"

"வைக்கச் சொல்லு தம்பி. பெட்ஷீட் வண்டியில இருக்கு, நேரா உங்க மொட்டைமாடிக்குத்தான் வர்றோம். பாதி காய்ஞ்சாச்சு. ஒரு சாவு, அதான் தாமதம்."

"அடடா! யாரு அக்கா?"

"நம்ம மிஷின்."

"ஐயையோ. எப்படிப் போச்சு?"

"நல்லா ஓடிட்டு இருக்கும்போதே."

மேனேஜர் உச்சுக்கொட்டினார். துக்கம் விசாரிக்கும்போது தொழிலைப் பற்றிக் கேட்கலாமா என்று அவருக்குக் கூச்சம். இருந்தாலும் கேட்டுவிட்டார்.

"அப்போ நாளைக்குத் துணிக்கு என்ன அக்கா பண்றது?"

"காலையிலயே அனுப்பிடு," என்றாள் அக்கா. "அதுலயே போட்டுடலாம்."